பூ ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் லொரீனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. திங்கள் காலை அணிவகுப்பில் காதோரம் ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தாலும் சார்ஜென்ட் விடமாட்டார். இது தெரிந்தும் வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, ஹால்ஸ்டெட் முகாமின் பையன்கள் அத்தனை பேரும் ஞாயிறன்றுதான் வந்து குவிவார்கள். முகாம் வாசலுக்கு நேர் எதிரே அவள் கடை. மூன்று நாற்காலிகள். ஒன்றில் அவள் வெட்டுவாள், மற்ற இரண்டில் சம்பளத்துக்கு இரண்டு பெண்கள். சுவரோரப் பெஞ்சு கொள்ளாமல் வாசல்படி வரைக்கும் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே வெட்டுதான். இதற்கு என்ன பெரிய திறமை வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கை ஓயாமல் இருந்தால் போதும் என்பாள் லொரீன்.

ஆனால் அவளுக்கு இன்னொரு வித்தையும் கைவந்திருந்தது. பட்டாளம் எப்போது கடல் தாண்டிப் போகிறது என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று பையன்களுக்கு உத்தரவு. லொரீன் நேராகக் கேட்கவும் மாட்டாள், கேட்காமல் விடவும் மாட்டாள். பிடரியில் மெஷினை வைத்துக்கொண்டு, "இந்த வருஷம் மான் வேட்டைக்கு இங்க இருப்பியா தம்பி?" என்பாள். "தெரியல மேடம்" என்று வாய் சொல்லும். நிஜமாகவே தெரியாதவனின் பிடரி அப்படியே கிடக்கும். தெரிந்து மறைப்பவனின் பிடரி அவள் விரலடியில் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். அன்று சாயங்காலம் கடையைப் பூட்டிக்கொண்டு போகும்போது பக்கத்துப் பீட்சாக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவாள். அவர் மாவு மூட்டையைக் குறைத்துக்கொள்வார். அதைப் பார்த்து வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் சுண்ணாம்படிக்கிற வேலையைத் தள்ளிப்போடுவார்கள். டன்மோர் ஊரின் பிழைப்பு இப்படித்தான், மீசை சரியாக முளைக்காத பையன்களின் பிடரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வசந்தத்தில் அவளுக்கே ஒன்றும் பிடிபடவில்லை. ராணுவச் செலவைக் குறைக்கப்போகிறார்கள், ஹால்ஸ்டெட்டிலிருந்து ஒரு பிரிகேடை அப்படியே தூக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு. இல்லை, முகாமையே மூடிவிடுவார்கள் என்று இன்னொரு பேச்சு. பிரிகேட் என்றால் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரில் பாதி. லொரீன் எத்தனை பிடரியைத் தடவியும் ஒன்றும் முறுக்கவில்லை. பையன்களுக்கே தெரியாது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவள் கடை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. புருஷன் டுவைனுக்கும் முகாமுக்குள்தான் வேலை. சுடும் மைதானங்களில் புல் வெட்டுவது, இலக்குப் பலகைகளை மாற்றுவது. முகாம் மூடினால் ஒரே நாளில் இரண்டு பேருக்கும் பிழைப்பு போய்விடும்.

அப்படி ஒரு ஞாயிறன்று, கையில் பச்சைச் சட்டைக் கட்டோடு கர்டிஸ் கடைக்குள் வந்தான். பையன்களுக்குப் பழைய வண்டி விற்பவன், ஊர் வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவன்.

"லொரீன், ஜூன் மாசம் வாஷிங்டன்லேர்ந்து ஜெனரல் வர்றாரு. ஊர் ஜனம் சொல்றதைக் கேக்கறதுக்குன்னே வர்றாரு. அன்னிக்கு டன்மோர்ல ஒரு கடை திறந்திருக்கக் கூடாது. எல்லாரும் இந்தப் பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு ஸ்கூல் மண்டபத்துல நிக்கணும்."

"சரி, கேட்டுட்டு?"

"கேட்டுட்டு முடிவு பண்ணுவாரு. கடைக்காரங்க சார்பா நீ பேசற. என்ன பேசணும்னு எழுதித் தந்துடறேன். அப்புறம் உங்க மாமனாரும் பேசணும்."

லொரீன் மெஷினை நிறுத்தினாள். "எங்க மாமாவா? கர்டிஸ், உனக்கு வெயில் ஏதாவது தலைக்கேறிடுச்சா?"

"யோசிச்சுப் பாரு. நாட்டுக்காக நிலத்தையே குடுத்த குடும்பம். அந்த வயசுல ஒருத்தர் எழுந்து நின்னு அதைச் சொன்னா, ஜெனரல் கண்ணு கலங்கிடும்."

"குடுத்த குடும்பமா? போய் அவர்கிட்டயே அந்த வார்த்தையைச் சொல்லிப் பாரு. நீ வித்த ஓட்டை வண்டியிலயே உன்னைக் கட்டிப்போட்டு மலைமேலேர்ந்து உருட்டிவிடுவாரு."

நாற்காலியில் இருந்த பையன் போர்த்திய துணிக்குள் குலுங்கிச் சிரித்தான். "ஆடாத, காது போயிடும்" என்று அவன் தலையைப் பிடித்து நேராக்கினாள் லொரீன். கர்டிஸுக்குச் சொரணை கிடையாது. மூன்று சட்டைகளைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான்.

மாமனார் எம்மெட் கிராப்ட்ரீயின் கதை ஊரறிந்தது. உலகப்போர் சமயத்தில், அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது, அரசாங்கத்து ஆள் ஒருவர் காகிதத்தோடு வந்தார். முகாம் கட்டப்போகிறோம், அறுவடைக்கு முன்னால் பள்ளத்தாக்கில் வீடு நிலம் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள் என்றார். கோழிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு சாமான் ஏற்றிய வண்டி உச்சியில் உட்கார்ந்து வந்த எம்மெட்டுக்கு அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை. உள்ளே பீரங்கி சுடுகிற நாட்களில் சமையலறை அலமாரியில் தட்டுகள் கலகலவென்று ஆடும். "உடைங்கடா, நல்லா உடைங்க" என்பார். காலையில் காபியைக் கையில் எடுத்ததும் முதல் வார்த்தை, "ஒருநாள் இவனுங்க கிளம்புவானுங்க. நான் போய் என் வீட்டைக் கட்டிக்குவேன்" என்பதுதான். மகனையும் விடமாட்டார். "என் நிலத்துல என் மவன் கூலிக்குப் புல்லு வெட்டறான், பாத்துக்கங்க" என்று யார் வந்தாலும் சொல்லுவார். டுவைன் வாயே திறக்கமாட்டான்.

அன்று சாயங்காலம் பன்றித்தொடை போட்ட பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டு முடித்ததும், லொரீன் கர்டிஸ் வந்த விஷயத்தைச் சொன்னாள். மறைத்தால் ஊரே வந்து சொல்லிவிடும்.

எம்மெட் ரொட்டித் துண்டால் தட்டை வழித்துக்கொண்டே கேட்டார். "அந்த ஜெனரல் முன்னாடி நான் என்ன வேணா பேசலாமா?"

"மாமா, நீங்க சிரமப்பட்டு வர வேண்டாம். வெக்கையா இருக்கும்."

"சிரமம் என்னம்மா சிரமம்? இத்தனை வருஷமா எவனும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. இப்பத்தான் கேக்கறான். வர்றேன்னு சொல்லு அந்த வண்டிக்காரன்கிட்ட."

"பச்சைச் சட்டை போடணுமாம்" என்றான் டுவைன்.

"அதை அவன் தலையில போட்டுக்கச் சொல்லு."

பாத்திரம் கழுவும்போது லொரீனுக்கு இதே யோசனைதான். மண்டபம் நிறைய ஜனம் முகாம் வேண்டும் வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருக்கும்போது, நடுவில் இந்த மனுஷன் எழுந்து, "போய்த் தொலைங்க, என் நிலத்தை விடுங்க" என்று சொன்னால் என்ன ஆகும்? அவரைத் திட்டவும் முடியாது. அவர் கேட்பதில் நியாயம் இருந்தது.

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த டுவைன் குரலைத் தாழ்த்தினான். "ஆர்மி போனாலும் அந்த மண்ணு வராது லொரீன்."

"என்ன சொல்ற?"

"உள்ள இருக்கற நம்ம குடும்பக் கல்லறையச் சுத்தி அத்தனையும் குண்டு விழற இடம். எத்தனை காலமா விழுது. பாதி வெடிக்காம உள்ளயே புதைஞ்சு கிடக்கு. நான் புல்லு வெட்டறதே அவங்க கயிறு கட்டி விட்ட பாதையிலதான். முகாமை மூடினா வேலியப் போட்டுப் பூட்டிட்டுப் போயிடுவான். வீடு கட்டறதா? கல்லறைக்குப் பூ வைக்கக்கூட ஒருத்தரும் உள்ள போக முடியாது."

"இது மாமாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. வீடு கட்டுவேன் வீடு கட்டுவேன்னுதான் அவரு காலையில எந்திரிக்கிறாரு. அதைப் போய்ப் பிடுங்கச் சொல்றியா?"

லொரீன் அடுத்த தட்டை அவன் கையில் கொடுத்தாள். ஆனால் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும், அது நாமாகவே இருக்கட்டும் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள். ஒரு கிழவரின் ஆசையா, குடும்பத்தின் சாப்பாடா என்று வந்தால் வேறென்ன செய்ய? அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மே மாசக் கடைசியில் பூ ஞாயிறு வந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பீரங்கிகளுக்கு ஓய்வு. சுடும் மைதானத்துச் சிவப்புக் கொடியை இறக்கிவிட்டு, முகாமுக்கு நிலத்தை இழந்த பழைய குடும்பங்களை அவரவர் கல்லறைகளுக்கு அழைத்துப் போவார்கள். கிராப்ட்ரீ குடும்பத்துக்குத் துணையாக வந்தவன் சார்ஜென்ட் ரென்டேரியா. லொரீனிடம்தான் முடி வெட்டுபவன். பெரிய குடும்பத்தில் பிறந்தவன் போலிருக்கிறது, வயசானவர்களிடம் பணிவாகப் பேசுவான்.

விடிகாலையிலேயே லொரீன் கோழி பொரித்து, உருளைக்கிழங்கு சாலட் கிளறி, ருபார்ப் தண்டு வைத்த இனிப்புப் பணியாரம் ஒன்றும் சுட்டு எடுத்து வைத்திருந்தாள். மழை பெய்து ஓய்ந்த காலை. ஓக் மரங்களுக்கு நடுவே வெட்டிவிட்ட திட்டில் கல்லறைகள் சுத்தமாக இருந்தன. முந்தின வெள்ளிக்கிழமைதான் டுவைன் புல் வெட்டியிருந்தான். எம்மெட் ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பூ வைத்தார். தாத்தா, பாட்டி, பேர் வைக்கும் முன்பே போன ஒரு தங்கச்சி. திட்டைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். நாடாவுக்கு அந்தப் பக்கம், எப்போதோ வீடு இருந்த இடத்தில், வீடும் இல்லை, வாசல்கல்லும் இல்லை. வரிசையாக ஊதா ஐரிஸ் பூக்கள் மட்டும் பூத்திருந்தன. யாரோ கோடு போட்டு நட்ட வரிசை.

வண்டியின் பின்பலகையைத் தாழ்த்தி அதன்மேல் சாப்பாட்டைப் பரப்பினார்கள்.

"சார்ஜென்ட், கால் துண்டு எடுத்துக்க. வெக்கப்படாத."

"டியூட்டியில சாப்பிடக் கூடாது மேடம்."

"ஜெனரலா பாக்கறாரு? இங்க பாக்கறதுக்கு இருக்கறவங்க அத்தனை பேரும் கல்லுக்கடியில இருக்காங்க. அவங்க யார்கிட்டயும் சொல்லமாட்டாங்க."

சார்ஜென்ட் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டான். லொரீன் பணியாரத்தை வெட்டிக்கொண்டே, இப்போது சொல்லிவிடலாமா, சாப்பிட்டு முடியட்டுமா என்று மாமனாரைத் தேடினாள். திட்டில் அவரைக் காணோம்.

நாடாவைத் தாண்டி, ஐரிஸ் வரிசைக்கு முன்னால் எம்மெட் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டுக்குள்ளிருந்து ஒரு களைக்கொத்தை எடுத்து ஓங்கினார்.

"ஐயா!" சார்ஜென்ட் கையிலிருந்த கோழி புல்லில் விழுந்தது. "கொத்தாதீங்க! அப்படியே இருங்க! கையக் கீழ வைக்காதீங்க!"

எம்மெட்டின் கை அந்தரத்தில் நின்றது. டுவைன் வெளுத்துப்போய் நின்றான். சார்ஜென்ட் நாடா வரைக்கும் போய், நிதானமான குரலில் பேசினான். "மெதுவா எந்திரிங்க ஐயா. நீங்க போன கால்தடம் ஈரத்துல தெரியுது பாருங்க. அதுமேலயே கால வச்சுத் திரும்பி வாங்க. அவசரமே இல்ல."

எம்மெட் தன் தடத்தின் மேலேயே கால் வைத்து வந்தார். நாடாவைத் தாண்டியதும் டுவைன் அவரைத் தோளோடு பிடித்துக்கொண்டான்.

"அப்பா, உனக்குச் சொல்லாம விட்டது என் தப்பு. அந்த மண்ணுக்குள்ள..."

"குண்டு இருக்கு. தெரியும்டா." எம்மெட்டுக்கு மூச்சு வாங்கியது. "விழுந்த ஒவ்வொண்ணும் என் காதுலதானே விழுந்துச்சு? பொத்துனு விழுந்து வெடிக்காம அடங்கினது எது, வெடிச்சது எதுன்னு தட்டு ஆடறதுலயே தெரியுமே."

"தெரிஞ்சேவா மாமா கொத்தப் போனீங்க?" லொரீனுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"அது எங்கம்மா வச்ச செடி. கிழங்கு ஆழமா போகாது, மேலாப்புலதான் இருக்கும். ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டுப் போய் நம்ம வாசல்ல வச்சுக்கலாம்னு பாத்தேன். இவங்க மூடிட்டுப் போயிட்டா அடுத்த வருஷம் என்னை யாரும்மா இங்க கூட்டிட்டு வருவா?"

"அப்ப காலையில காலையில வீடு கட்டுவேன்னு சொல்றதெல்லாம்?"

"காலையில எந்திரிச்சா மனுஷன் ஏதாவது சொல்ல வேண்டாமா?" மகனை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "இவன் வேற, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுப் பொத்திப் பொத்தி வச்சிருந்தான். பாவம், அதை ஏன் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

டுவைன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். லொரீனுக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனுஷன் வாயை அடைக்க ஒரு வார்த்தையைத் தீட்டி வைத்துக்கொண்டு வந்தோமே என்று இருந்தது. முகாம் மூடிவிடக் கூடாது என்று டன்மோரில் தன்னைவிட அதிகம் பயந்தவர் தன் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியவில்லை. பிடரிகளைப் படித்தே பேர் வாங்கியவள், மாமனார் பிடரியை மட்டும் ஒருநாளும் பார்க்கவில்லை. பணியாரத் துண்டில் பெரியதாக ஒன்றை அவருக்கு எடுத்து வைத்தாள்.

ஜூன் மாசக் கூட்டத்தன்று டன்மோரில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. ஸ்கூல் மண்டபம் பச்சையாக வழிந்தது. குளிர்சாதன மெஷின் அன்று பார்த்து மக்கர் பண்ண, ஜனம் காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தது. மேடையில் ஒரு மேசை. நடுவில் ஜெனரல், இருபுறமும் இரண்டு அதிகாரிகள், ஜனத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பேசப்போகிறவர்களுக்கு அவர்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். லொரீனுக்கு நேர் முன்னால் ஜெனரலின் பிடரி. யாரோ அவசரத்தில் வெட்டியிருந்தார்கள், இடதுபுறம் கொஞ்சம் ஏறியிருந்தது.

பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை பேசினார். கர்டிஸ் பேசினான், மூச்சுக்கு மூச்சு நாடு நாடு என்றான். பிறகு எம்மெட்டைக் கூப்பிட்டார்கள். பச்சைச் சட்டை போடவில்லை. துவைத்துத் தேய்த்த வேலை உடுப்பு, அதன்மேல் ஒரு டை. மேசைக்குப் பக்கத்திலிருந்த மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"என் பேரு எம்மெட் கிராப்ட்ரீ. நான் நாட்டுக்கு நிலம் குடுத்தேன்னு இந்த கர்டிஸ் எழுதிக் குடுத்திருக்கான். நான் குடுக்கல. நீங்க எடுத்துக்கிட்டீங்க."

மண்டபத்தில் விசிறல் நின்றது. கர்டிஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் காகிதத்தோட ஒருத்தர் வந்தாரு. எங்கம்மா மாவு பிசைஞ்ச கையோட வாசல்ல நின்னு அவர்கிட்ட கேட்டாங்க. 'ஐயா, நீங்க எங்களைக் கேக்க வந்தீங்களா, எங்களுக்குச் சொல்ல வந்தீங்களா?' அவரு தொப்பியைக் கழட்டிட்டு, 'சொல்லத்தான் வந்தேம்மா'ன்னாரு. எங்கம்மா அழுதாங்க, அப்புறம் அவருக்குக் காபி குடுத்தாங்க. உண்மையச் சொன்ன மனுஷன்னு கடைசி வரைக்கும் அவர்மேல அவங்களுக்குக் கோபமில்ல. இப்ப நான் உங்களைக் கேக்கறேன். நீங்க கேக்க வந்தீங்களா, சொல்ல வந்தீங்களா?"

ஜெனரல் மைக்கை இழுத்தார். "கேட்கத்தான் வந்திருக்கோம் ஐயா. இன்னும் எதுவும் முடிவாகல."

மண்டபம் கைதட்டி ஆர்ப்பரித்தது. கர்டிஸ் எழுந்தே நின்றுவிட்டான். லொரீன் கைதட்டவில்லை. அவளுக்கு நேர் முன்னால், காலர் விளிம்புக்கு மேலே, அந்தப் பிடரி கயிறாக முறுக்கிக்கொண்டதை அவள் பார்த்தாள். தொட வேண்டிய அவசியமே இல்லை.

 எல்லாம் எப்போதோ முடிவாகிவிட்டது. இந்தப் பச்சைச் சட்டைகள், கர்டிஸ் எழுதிக் கொடுத்த காகிதம், எல்லாம் வீண். அவள் பேரைக் கூப்பிட்டார்கள். காகிதத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு மைக்குக்குப் போனாள்.

"நான் லொரீன் கிராப்ட்ரீ. முகாம் வாசலுக்கு எதிர்ல முடிவெட்டற கடை எங்களது. கடையைப் பத்திப் பேசத்தான் என்னை நிறுத்தியிருக்காங்க. அதை நான் பேசல. நீங்க யாரை வச்சுக்கிட்டாலும், யாரைக் கூட்டிட்டுப் போனாலும், பூட்டிட்டே போனாலும் சரி. பூ ஞாயித்துக்கு மட்டும் கல்லறைக்குப் போற கதவைத் திறந்து, வழி காட்ட ஒரு ஆளைக் குடுங்க. எங்க மாமா இருக்கற வரைக்கும் மட்டுமில்ல, அதுக்கப்புறமும். எனக்குக் கேக்கறதுக்கு இது ஒண்ணுதான்."

யாரும் கைதட்டவில்லை. கர்டிஸ் அவளை முறைத்தான். அவள் தன் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தாள். ஜெனரல் பக்கத்து அதிகாரியிடம் ஏதோ கேட்டார். பிறகு மைக்கில் சொன்னார். "அதுக்கு என்னால இப்பவே பதில் சொல்ல முடியும் மேடம். எது நடந்தாலும் அந்தக் கதவு திறக்கும். எழுதியே குடுக்கறேன்."

லொரீன் பிடரியைப் பார்த்தாள். அது அப்படியே கிடந்தது.

திரும்பும்போது வண்டியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து வந்தார்கள். டுவைன் ஓட்டினான். முகாம் வேலியோரம் சாலை நெடுக மழைமேகம் கட்டியிருந்தது.

"கடையப் பத்தி ஒரு வார்த்தை பேசலியேம்மா நீ" என்றார் எம்மெட்.

"பேசல மாமா."

"பிடரியப் பாத்தியாக்கும்?"

"பாத்தேன்."

"சொல்லத்தான் வந்திருக்கான்."

"ஆமா மாமா."

டுவைன் கியரை மாற்றினான். "பிரிகேட் மட்டுமா, மொத்த முகாமுமா?"

"பிடரி அவ்வளவு விவரமாச் சொல்லாது. எதுவா இருந்தாலும் ரெண்டு நாற்காலி போகும். அந்தப் பொண்ணுங்ககிட்ட நாளைக்கே சொல்லிடணும், சும்மா நம்பிக்கிட்டு இருக்க வேண்டாம்." அவள் குரல் உடைந்தது. டுவைன் ஒரு கையை எடுத்து அவள் முழங்கால்மேல் வைத்தான்.

எம்மெட் வேலிக்கம்பிகளைப் பார்த்தார். டையைத் தளர்த்தினார்.

"கதவைத் திறப்பேன்னானே, அப்ப பிடரி என்ன சொல்லுச்சு?"

"அது நிஜம் மாமா."

அவர் தலையாட்டிக்கொண்டார். வீட்டுத் திருப்பம் வந்தது.

"அப்ப அடுத்த வருஷம் களைக்கொத்து வேண்டாம். கோழி மட்டும் பொரிச்சு எடுத்துக்க."